அனுவாவியில் ஏறி, காட்டு வழியாக மருதமலைக்கு நடந்து போக முடியுமா?

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கமுங்க. நாங்கள் திருப்பூர்ப் பக்கம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து கோவைப் பக்கம் பெரிய தடாகம் அனுவாவி சுப்பிரமணியர் கோயிலுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. வலது முழங்காலில் வலி உண்டு, ஆனால் இன்னும் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறவர், சும்மா உட்காரச் சொன்னால்தான் கோபம் வரும். அண்ணன் பையன் ஆறாவது படிக்கிறான், அவனும் வருகிறான். மற்றவர்கள் எல்லாம் நன்றாக நடக்கக்கூடியவர்கள்.

படியேறிப் போய்க் கும்பிட்டுவிட்டு இறங்குவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை என்று தெரியும். என் மனதில் இருப்பது வேறு. எங்கள் அப்புச்சி கணுவாய்க்காரர். அவர் இளவட்டமாக இருந்த காலத்தில் தைப்பூசத்துக்கு ஊர்ச் சனத்தோடு தடாகத்தில் இருந்து மலையைத் தாண்டி மருதமலைக்கு நடந்தே போவார்களாம். துண்டில் கட்டுச்சோறு, கையில் ஒரு தடி, கருக்கலில் கிளம்பினால் உச்சிப் பூசைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். அவர் இப்போது இல்லை. அவர் நடந்த தடத்தில் ஒரு முறையாவது நடந்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அனுவாவிக்குப் பின்னால் அந்த வழி இன்னும் இருக்கிறதா? போக விடுகிறார்களா? இளையவர்கள் மட்டும் நடந்து போய், அப்பாவையும் பையனையும் வேனில் மருதமலை அடிவாரத்துக்கு அனுப்பலாமா? அப்பாவின் காலுக்கு அனுவாவிப் படி ஒத்துவருமா, எந்த நேரத்தில் ஏறினால் நல்லது, மேலே குடிக்கத் தண்ணீர் இருக்குமா என்பதையும் அங்கே போய் வருகிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சோமையனூர் தோட்டம்

அம்மிணி, கோயிலுக்குத் தாராளமாக வாங்க. மலையைத் தாண்டுகிற யோசனையை மட்டும் விட்டுவிடுங்க. எங்கள் தோட்டம் அந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறவன் சொல்கிறேன்.

உங்கள் அப்புச்சி சொன்னது நிஜம்தான். எங்கள் ஊரிலும் பெரியவர்கள் அப்படிப் போனவர்கள் உண்டு. ஆனால் அன்றைக்கு இருந்த காடு வேறு, இன்றைக்கு இருக்கிற காடு வேறு. இந்த மலைச்சரிவு முழுக்க யானை போகிற வழி. வாளையார், போளுவாம்பட்டிப் பக்கம் இருந்து தடாகம் வழியாக மேட்டுப்பாளையம் நோக்கி மலையடிவாரத்தை ஒட்டியே போகும், வரும். முன்பு கீழே சோளமும் கொள்ளும் விளைகிற மானாவாரிக் காடு, ஆள் நடமாட்டம் கொஞ்சம், யானைக்கு ஒதுங்க இடம் இருந்தது. அப்புறம் செங்கல் சூளைகள் வந்தன. செம்மண்ணைத் தோண்டித் தோண்டி, தென்னை மரமே முழுகிப் போகிற ஆழத்துக்குப் பள்ளமாக்கிவிட்டார்கள். சூளையில் எரிக்கக் குவித்து வைத்த பனை மரத்தின் வாசத்துக்கே யானை இறங்கிப் பழகியது. 2021-ல் இந்தப் பள்ளத்தாக்கில் 180-க்கும் மேற்பட்ட சூளைகளை மூடிவிட்டார்கள், ஆனால் தோண்டிய பள்ளம் தூர்ந்துவிடுமா? யானை அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது, அப்படிச் சுற்றும்போது நேராக எங்கள் வாழைக்குள்ளும் வீட்டு வாசலுக்கும் வந்து நிற்கிறது.

சின்னதம்பியைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் பக்கத்து யானைதான். 2019 ஜனவரியில் பிடித்து டாப்சிலிப்புக்கு மேலே வரகளியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாளிலேயே மலையை விட்டு இறங்கி, கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் நடந்து உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டுக்குள் வந்து நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடித்துக் கும்கியாக்கிவிட்டார்கள். பயிரை மிதித்த யானைதான், இருந்தாலும் லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. யானையைக் குற்றம் சொல்லவில்லை. அதனுடைய வழியில் நாம் குறுக்கே போய் நிற்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. மலைச்சரிவில் இப்போது எங்கே பார்த்தாலும் உண்ணிச்செடி. ஆள் உயரத்துக்கு மேல் புதராக மண்டிக் கிடக்கிறது. பத்தடி தூரத்தில் யானை நின்றாலும் தெரியாது. காதை ஆட்டுகிற சத்தமோ குச்சி ஒடிகிற சத்தமோ கேட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிடும். அதுவும் ஏழெட்டுப் பேர் பேசிக்கொண்டு நடந்தால் அந்தச் சத்தமும் காதில் விழாது. நல்ல வேகத்தில் ஓடுகிறவனாலும் யானைக்கு முன்னால் ஓடித் தப்பிக்க முடியாது, அதிலும் முள்ளுக்குள் எங்கே ஓடுவது.

வடவள்ளி வாசகி

சோமையனூர் அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் கோயிலைப் பற்றிச் சொல்கிறேன் அக்கா.

அனுவாவிக்கு ஐந்நூறுக்கு மேல் படிகள். நிதானமாக ஏறினால் முக்கால் மணி நேரம் ஆகும். அடிவாரத்தில் இருந்து மேலே வரைக்கும் படி உண்டு, நடு நடுவே உட்கார இடமும் உண்டு. ஆனால் படிகள் ஒரே சீராக இருக்காது. சில இடத்தில் சட்டென்று உயரும், சில இடத்தில் தட்டையாக நாலு எட்டு நடந்த பிறகுதான் அடுத்த படி வரும். முழங்கால் வலி இருக்கிறவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. எங்கள் அம்மாவுக்கும் இதே கதைதான். அவர் இறங்கும்போது வலி இல்லாத காலை மேல் படியில் வைத்துக்கொண்டு, வலிக்கிற காலை முதலில் கீழே வைத்து, பிறகுதான் மற்றதைக் கொண்டுவருவார். ஒரு கையில் தடி, இன்னொரு கை என் தோளில். அப்பாவை அப்படி இறங்கச் சொல்லிப் பாருங்கள், அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும். தோட்டத்தில் வேலை செய்கிறவர் என்றால் மூச்சு வாங்குவது பெரிதாக இருக்காது, காலைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். ஆனால் இருட்டோடு போக வேண்டாம். நன்றாக வெளிச்சம் வந்து, நாலு பேர் படியில் நடமாட ஆரம்பித்த பிறகு ஏறுங்கள். வழி முழுக்க உசிலையும் வெட்பாலையும் நிற்கிற காட்டுக்குள்தான் படி போகிறது. செம்போத்து கூவிக்கொண்டே இருக்கும், மயில் சில நேரம் படியிலேயே நடந்து போகும். கொஞ்சம் ஏறித் திரும்பிப் பார்த்தால் தடாகம் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்கும். தென்னந்தோப்பு, இடையிடையே அந்தச் சிவப்புப் பள்ளங்கள், அதற்கு அப்பால் ஆனைகட்டி போகிற மலைகள். இந்த ஒரு காட்சிக்காகவே நான் போவேன்.

மேலே முருகன் வள்ளி தெய்வானையோடு நிற்கிறார். ஆஞ்சநேயருக்கும் சன்னதி உண்டு. சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அனுமனுக்குத் தாகம் எடுத்ததாம், முருகன் வேலால் குத்தி ஊற்றை வரவழைத்துக் கொடுத்தாராம். அந்தச் சுனைத் தண்ணீர்தான் இன்றைக்கும் அங்கே வருகிறது. சுற்று வட்டாரத்தில் கிணறெல்லாம் காய்ந்து கிடக்கிற சித்திரை மாதத்திலும் அது வரும். கையில் ஏந்தினால் விரல் விறைக்கிற மாதிரிச் சில்லென்று இருக்கும். சனங்கள் அதைக் குடிக்கிறார்கள், பாட்டிலில் பிடித்து வீட்டுக்கும் கொண்டுபோகிறார்கள். இருந்தாலும் ஏறுகிற வழிக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கோயிலை 1957 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது, இப்போது பார்ப்பது 1969-ல் மறுபடி கட்டியது. அந்தத் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் இறங்கியிருக்கும் என்று அந்த இடத்தில் நின்று, மேலே மலை இடுக்கைப் பார்த்தால்தான் புரியும்.

குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பையில் எதையும் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள், தேங்காய் பழத்தைத் துணிப்பையில் போட்டு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பையனிடமும் சொல்லிவிடுங்கள், பொரி கடலை போடுகிறேன் என்று ஆரம்பித்தால் விடாது.

பாறைக்கால்

எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். மேப்பைப் பார்த்தால் அனுவாவிக்குப் பின்னால் இருந்து தடம் தெளிவாகத் தெரிகிறது, தூரமும் அதிகம் இல்லை. எனக்குத் தெரிந்த பசங்களே போய் வந்திருக்கிறார்கள். பகலில், ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகிவிடும்? வெள்ளியங்கிரியில் லட்சக்கணக்கான பேர் ஏறுகிறார்கள், அங்கேயும் யானை இருக்கிறதுதானே? நம் முன்னோர்கள் சாமி கும்பிடப் போன பாதையை நாமே பயந்து விட்டுவிட்டால் அப்புறம் அது நிரந்தரமாக நம் கையை விட்டுப் போய்விடும். அவர் கேட்பது சுற்றுலா இல்லை, தாத்தா நடந்த வழி.

காட்டுக்காவல்

பாறைக்கால் தம்பிக்கு. உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது, பழைய வழிபாட்டுத் தடங்கள் மறைந்து போவதில் எனக்கும் வருத்தம் உண்டு. வேட்டைத் தடுப்புக் காவலராகக் கோவைக் காடுகளில் வேலை பார்த்தவன் நான், அதனால் நேராகவே சொல்கிறேன்.

மேப்பில் கோடு இருக்கிறது என்றால் அது நாம் போகிற வழி என்று அர்த்தம் இல்லை. காட்டில் நன்றாகத் தேய்ந்து அகலமாக இருக்கிற தடம் பெரும்பாலும் யானைத் தடம்தான். சரிவு குறைவான இடமாகப் பார்த்து, தலைமுறை தலைமுறையாக ஒரே வழியில் போகும். நமக்கும் அதில் நடக்கச் சுலபமாக இருக்கும், அதனால்தான் ஆட்கள் அதில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெள்ளியங்கிரியோடு இதை ஒப்பிட முடியாது. அங்கே பிப்ரவரி முதல் மே வரைக்கும் என்று காலம் வைத்து, பூண்டி அடிவாரத்தில் பையைச் சோதித்து, வழியெல்லாம் ஆள் போட்டு அனுப்புகிறார்கள். இரவும் பகலும் சனம் சாரை சாரையாக ஏறுவதால் யானை அந்தப் பாதையை விட்டு விலகியே நிற்கும். அனுவாவிப் படியிலும் அப்படித்தான், பகலில் சனம் இருக்கிற வரைக்கும் பெரிதாகப் பிரச்சினை இல்லை. படியை விட்டுக் காட்டுக்குள் காலை வைத்தால் கதையே வேறு. அங்கே உங்களை யாரும் எதிர்பார்க்கவில்லை, யானையும் எதிர்பார்க்கவில்லை.

சட்டமும் இருக்கிறது. அது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் நுழைந்தால் 1882-ம் வருடத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அபராதத்தை விடுங்கள், உள்ளே ஒருவருக்குக் கால் பிசகினால் தூக்கிக்கொண்டு வருவது யார்? போன் எடுக்காது, நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று கீழே யாருக்கும் தெரியாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். எல்லாம் வாழ வேண்டிய வயது. அதற்குப் பிறகுதான் அதே வருடம் மலையேற்றத்துக்கென்று தனியாக விதிகள் கொண்டுவந்தார்கள். கோடையில் இந்தச் சரிவு முழுக்கக் காய்ந்த புல், ஒரு பீடித் துண்டு போதும்.

ஊர்க்காரரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்கிறீர்கள். நல்ல ஊர்க்காரர் வர மாட்டார். வருகிறேன் என்று காசு கேட்கிறவரை நம்பாதீர்கள்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு: காட்டுக்குள் நடந்து மலை மேல் ஒரு சாமியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் முறையான வழி ஒன்று இருக்கிறது. 2024-ல் வனத்துறை தமிழ்நாடு முழுக்க நாற்பது மலையேற்றப் பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் முன்பதிவு செய்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ட்ரெக் தமிழ்நாடு என்று தேடினால் கிடைக்கும். அதில் கோவையில் செம்புக்கரை - பெருமாள்முடி என்று ஒரு பாதை உண்டு. அது இதே ஆனைகட்டி ரோட்டு மலைகளில்தான் இருக்கிறது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் கூட வருவார்கள். காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள், அதைப் பார்த்துத் தேதி போடுங்கள். அப்பாவைக் கூட்டிப் போக வேண்டாம், இளையவர்கள் மட்டும் வேறு ஒரு நாளில் போங்கள். நம் முன்னால் நடக்கிற பையன் திடீரென்று நின்று கையைத் தூக்கினால் நாமும் அப்படியே நிற்க வேண்டும். எதற்கு நின்றான் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது, கிடக்கிற யானைச் சாணம் சூடாக இருக்கிறதா ஆறிவிட்டதா என்று பார்த்தே அவர்கள் முடிவு செய்வார்கள்.

நொய்யல்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. காட்டு வழியை விட்டுவிட்டோம். படித்துக் காட்டியபோது அப்பாவே முதலில் வேண்டாம் என்றார். சின்னதம்பியைப் பற்றிச் சோமையனூர் அண்ணன் எழுதியதைப் பையன் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னான். பெருமாள்முடியை நானும் அண்ணனும் தனியாகப் பதிவு செய்து போகப் பார்க்கிறோம்.

பாறைக்கால் தம்பி, அப்புச்சியின் வழி என்று நீங்கள் எனக்காகப் பேசியது மனதுக்கு இதமாக இருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது ஒரே நாளில் அனுவாவியும் மருதமலையும் ரோட்டு வழியாகவே பார்க்கலாம் என்று இருக்கிறோம். எதை முதலில் வைத்துக்கொள்வது? இரண்டு இடத்திலும் அப்பா படியேறினால் தாங்குமா?

சோமையனூர் தோட்டம்

சந்தோசமுங்க. அனுவாவியை முதலில் வையுங்க. மேலே போனதும் பையனைக் கோயிலுக்குப் பின்னால் ஏறிப் போகிற மலையைப் பார்க்கச் சொல்லுங்க, உங்கள் அப்புச்சி தாண்டிய மலை அதுதான். இறங்கி வந்து தடாகத்தில் இருந்து கணுவாய், சோமையம்பாளையம் வழியாக வடவள்ளி மருதமலை ரோட்டைப் பிடித்தால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். வேனில் இருந்து வலது பக்கம் பார்த்துக்கொண்டே வந்தால் அந்த மலைதான் கூடவே வரும், இந்தப் பக்கம் அனுவாவி, அந்தப் பக்கம் மருதமலை. வழியில் தோட்டம் எதிலாவது யானை நிற்கிறது என்று கூட்டம் கூடியிருந்தால் வண்டியை நிறுத்தாதீங்க. செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கூட்டத்தால்தான் யானை மிரளுது.

வடவள்ளி வாசகி

மருதமலையில் அப்பாவைப் படியேற வைக்க வேண்டாம் அக்கா. அங்கே 837 படிகள். அனுவாவி இறங்கிய காலோடு அதே நாளில் அதையும் ஏறினால் மறுநாள் எழுந்திருக்க மாட்டார். மேலே வரைக்கும் ரோடு இருக்கிறது. கிருத்திகை, சஷ்டி, தைப்பூசம் மாதிரி நாளில் சொந்த வண்டியை மேலே விட மாட்டார்கள், கோயில் பஸ்தான். ஞாயிற்றுக்கிழமையும் கூட்டமாகத்தான் இருக்கும்.

ஏறக்கூடியவர்கள் படியில் வாருங்கள். அடிவாரத்தில் தான்தோன்றி விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தால் வழியில் இடும்பன் சன்னதி, அதற்கு அப்புறம் குதிரைக் குளம்பு பதிந்த பாறை. கோயிலில் திருடியவர்களை முருகன் குதிரையில் துரத்திக்கொண்டு வந்தபோது பதிந்தது என்பார்கள். பையனுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள். மேலே கும்பிட்டுவிட்டுப் பாம்பாட்டிச் சித்தர் குகைக்குக் கொஞ்சம் படி இறங்கிப் போக வேண்டும், அதற்கு மட்டும் அப்பாவால் முடியுமா என்று அங்கே பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். குகைக்குள் நல்ல குளிர்ச்சி, கூட்டம் இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் உட்காரலாம்.

மருதமலையிலும் சாயங்காலத்துக்கு மேல் யானை, சிறுத்தை நடமாட்டம் உண்டு, அதனால் படியில் இறங்குகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரத்துக்கு வந்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டை வடவள்ளியிலேயே முடித்துக்கொண்டு மூன்று மணிக்குள் ஏற ஆரம்பித்தால் சரியாக இருக்கும். வேனை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அப்பாவையும் பையனையும் கோயில் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், சீட்டு அங்கேயே கொடுப்பார்கள். பையன் படியேறியே தீருவேன் என்று அடம்பிடித்தால் துணைக்கு அப்பாவோடு வேறு யாராவது பஸ்ஸில் போங்கள், மேலே இறங்குகிற இடத்தில் இருந்தும் சன்னதிக்குக் கொஞ்சம் படி உண்டு.